பலகையில் ஒட்டிய பதினான்கு பெயர்கள்

இலக்கம் 1
2025 ஜூன் 9, திங்கட்கிழமை, முற்பகல் 9.40
மாத்தளை

பொருள்: மின்னியல் தொழில்நுட்ப டிப்ளோமாவுக்கு யுவதிகளைச் சேர்த்தல்

கணித ஆசிரியை பஹ்மிதா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று முன்தினம் தாங்கள் கைத்தொலைபேசியில் அனுப்பிய பெருநாள் வாழ்த்தை என் மனைவி வாசித்துக் காட்டினார். நன்றி. ஆயினும் குழு அலுவல்களை இனிமேல் கடிதத்திலேயே வைத்துக்கொள்வோம். தொலைபேசிப் பேச்சுக்குத் திகதி இருப்பதில்லை. திகதி இல்லாத பேச்சுக்குப் பொறுப்பாளியும் இருப்பதில்லை. நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தெட்டு ஆண்டும் நான்கு மாதமும் இருந்து நான் கற்றது இது.

நிலைமையை மீண்டும் எழுதி வைக்கிறேன். இங்குள்ள கல்லூரியில் சென்ற ஆண்டு மின்னியல் டிப்ளோமாவில் சேர்ந்தவர்கள் இருபத்தாறு பேர். அதில் பெண் ஒருவரும் இல்லை. வேர்க்ஷொப் முடிய மாலை ஐந்தேகால் ஆகிறது; அதற்குப் பிறகு லக்கலைக்குப் பஸ் இல்லை, நாவுலைக்கு இருப்பதும் நிச்சயமில்லை. எனவே பெண்கள் விடுதி ஒன்று இல்லாமல் உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வர இயலாது. ஜூலை 31, வியாழக்கிழமை, பிற்பகல் 3.30க்கு முன் எட்டு யுவதிகள் பதிவு செய்தால், பூட்டிக் கிடக்கும் உத்தியோகத்தர் விடுதியைத் திறந்து தருவதாகப் பணிப்பாளர் எழுத்தில் தந்துள்ளார். ஏழு பேர் என்றால் திறக்கமாட்டார். கேட்டுவிட்டேன்.

மே மாதத்தில் தாங்கள் வீடுவீடாகச் சென்று பதினான்கு பெற்றோரின் வாய்ச் சம்மதம் பெற்றதைப் பாராட்டுகிறேன். ஆனால் வாய்ச் சம்மதம் காற்றோடு போகும். ஊர் அறியப் பாராட்டினால் தகப்பன்மார் பின்வாங்கமாட்டார்கள் என்று யோசித்து, ஜூன் 6, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 4.15க்கு அந்தப் பதினான்கு பேரின் பட்டியலைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகை, கோவில் மண்டபம், கூட்டுறவுக் கடை முகப்பு ஆகிய மூன்று இடங்களிலும் நானே ஒட்டினேன். தலைப்பு: ‘எமது மாவட்டத்தின் திறமைமிக்க யுவதிகள்’.

கையொப்பமிட்ட படிவங்களை எதிர்பார்க்கிறேன்.

ஏ.எல்.எம். ஜைனுதீன்
கௌரவ செயலாளர், மகளிர் தொழில்நுட்ப ஊக்குவிப்புக் குழு


நாவுல
ஜூன் 19

மதிப்புக்குரிய ஜைனுதீன் சேர்,

வஅலைக்கும் ஸலாம். கடிதம்தான் வேண்டும் என்றீர்கள், எழுதுகிறேன். நேரம் குறிக்கவில்லை. அடுப்பில் பால் இருந்தது.

சேர், இங்கே ஏதோ நடக்கிறது. என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. பத்து நாளில் ஐந்து வீட்டார் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். கோபமாக வந்து தந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். “பொம்பளப் புள்ளைக்குக் கரண்டு வேலையா?” என்று கேட்டவர்களுக்கு மே மாதம் முழுக்கப் பதில் சொன்னவள்தான் நான். ஆனால் இவர்கள் சந்தோஷமாக வருகிறார்கள். ஒரு தகப்பன் பாடசாலை கேட்டிலேயே நின்றுகொண்டு, படிவத்தை அழுக்குப்படாமல் ஓரத்தில் பிடித்து நீட்டினார்.

“டீச்சர், இத வச்சிக்கங்க. புள்ளைக்கு வேற ஒரு நல்ல காரியம் வந்திருக்கு.”

“என்ன காரியம்?”

“அல்லாஹ் நாடினா சொல்றன். உங்கட சேருக்கு நாங்க வீட்டோட துஆ செய்றம் எண்டு சொல்லுங்க.”

லக்கல வீதித் தோட்டத்துத் துஷாந்தினியின் அம்மா ஒரு படி மேலே போய் எனக்கு லட்டு கொண்டு வந்தார். துஷாந்தினி தொழில்நுட்பப் பாடத்தில் எங்கள் பாடசாலையின் முதல் பிள்ளை. படிவத்தைக் கொடுங்கள் என்று நான் கேட்கிறேன். அவர் லட்டைத் தருகிறார். நான் வாங்கிச் சாப்பிட்டும் விட்டேன். என்னத்துக்கான லட்டு என்று இன்னும் எனக்குத் தெரியாது.

இப்போது மீதி ஒன்பது பேர். அந்தப் பட்டியலை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதில் நீங்கள் என்னதான் எழுதினீர்கள்?

பஹ்மிதா


இலக்கம் 2
2025 ஜூன் 24, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.05
மாத்தளை

ஆசிரியை பஹ்மிதா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வாசித்தேன், மறுபடியும் வாசித்தேன். குழப்பம் தீரவில்லை. எனக்காக எதற்குத் துஆப் பிரார்த்தனை?

பட்டியலில் பிழை இருக்க வழியில்லை. ஒவ்வொரு பெயருக்கும் நேரே இருந்த நிரல்கள் இவை: முழுப்பெயர், பிறந்த திகதி, தகப்பனின் பெயரும் தொழிலும், தாயின் ஊர், சகோதரர் எண்ணிக்கை, முகவரி, உயர்தரப் பெறுபேறு, உயரம். உயரம் எதற்கு என்று கேட்பீர்கள். சேரும் பிள்ளைகளுக்கு வேர்க்ஷொப் ஓவரோல் தைத்துக் கொடுக்க ஒரு புடவைக் கடைக்காரர் முன்வந்துள்ளார், அளவு கேட்டார். தாங்களே மே 21 ஆம் திகதி அந்த அளவுகளை அனுப்பினீர்கள்.

வரவேற்பும் எதிர்பார்த்ததற்கு மேலாகவே இருந்தது. பள்ளிவாசல் பலகைக்கு முன்னால் ஆட்கள் நின்று தொலைபேசியில் படம் எடுத்ததை நான் கண்டேன். பெண்களும் வந்து பார்த்தார்கள். ஜூன் 11, புதன்கிழமை, பிற்பகல் 5.10க்குப் பழனிமுத்து என்ற ஒருவர் வீடு தேடி வந்து சுத்தமான பிரதி ஒன்று கேட்டார். “ஐயா, இவ்வளவு விவரமா இதுவரைக்கும் ஒருத்தரும் போட்டதில்லைங்க. எங்க வேலை பாதி முடிஞ்சிருச்சு” என்றார். உயரம் செருப்போடு அளந்ததா, செருப்பில்லாமலா என்றும் விசாரித்தார். செருப்பில்லாமல் என்றேன். உடனே எழுதிக்கொண்டார். பெண் கல்வியில் இத்தனை நுணுக்கமான அக்கறையை நான் வேறெவரிடமும் கண்டதில்லை.

பதில் இரண்டு நாள் தாமதித்ததற்குக் காரணம் ஒரு குடும்ப அலுவல். என் தங்கை ஹவ்வாவின் மகன் இன்ஷாப் கட்டாரில் இருக்கிறான், வயது இருபத்தேழு. அவனுக்குப் பெண் முடிவாகிவிட்டது. பெண் வீட்டுக்குப் பெண்கள்தான் போய்வந்தார்கள். குடும்பத்தில் மூத்தவன் என்பதால் நாள் குறித்து எழுதிக் கொடுக்கும் பொறுப்பு மட்டும் எனக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு மூத்தவர் கைப்பட எழுதிய நாளை வேறெவரும் மாற்றுவதில்லை. ஆகவே நிதானமாகப் பார்த்துக் குறித்தேன். “பிள்ளையின் பெயர் என்ன?” என்றேன். “நல்ல பிள்ளை நானா. நீங்களே தெரிஞ்செடுத்த மாதிரி” என்று சிரித்தாள். ஹவ்வா எதையும் நேராகச் சொல்வதில்லை.

மீதி ஒன்பது பேரின் படிவங்களையும் விரைவில் அனுப்பவும். தங்கள் கடிதத்தில் நேரம் குறிப்பிடப்படவில்லை.

ஏ.எல்.எம். ஜைனுதீன்


நாவுல
ஜூலை 2, பின்னேரம் நான்கு பத்து. (நேரம் போட்டிருக்கிறேன் சேர்.)

ஜைனுதீன் சேர்,

பழனிமுத்து யாரென்று தெரியுமா உங்களுக்கு? இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் கலியாணத் தரகர் அவர்தான். நீங்கள் போட்ட பிறந்த திகதியை வைத்துப் பஞ்சாங்கம் பார்த்து, துஷாந்தினிக்கு நட்சத்திரம் கண்டு, பொருத்தமும் பார்த்து, தம்புள்ளையிலிருந்து மாப்பிள்ளையும் கொண்டுவந்துவிட்டார். லட்டு அதற்குத்தான்.

வயது, உயரம், வாப்பாவின் தொழில், உம்மாவின் ஊர், எத்தனை சகோதரம், எந்த வீடு. சேர், கலியாணப் பேச்சுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அந்தத் தாளின் படம் மூன்று மாவட்டத்துக்குப் போயிருக்கிறது. எங்கள் மாமி குருநாகலையிலிருந்து எனக்கே அனுப்பி, “இதுல ஏழாம் நம்பர் எப்படிப்பட்ட புள்ள?” என்று கேட்கிறார். பிறகு நானே பலகையில் போய்ப் பார்த்தேன். மின்னியல் டிப்ளோமா என்று கடைசி வரியில் நீங்கள் எழுதியிருந்ததைப் படம் எடுத்தவர்கள் வெட்டிவிட்டார்கள்.

இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

ஏழாம் நம்பர் றுக்ஸானா. மரக்கறி வியாபாரி ஜிப்ரி நானாவின் மகள். நான் படிப்பித்த பதினோரு வருடத்தில் இப்படி ஒரு பிள்ளை எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் பழுதான மின்விசிறியைக் கழற்றி, சுருளில் எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டு வந்து என்னிடம் கணக்குக் கேட்பவள். ஒன்பதில் இன்னொரு வீட்டாரும் விலகிவிட்டார்கள். இன்றைக்கு உறுதியாக இருப்பவர்கள் ஏழு பேர். எட்டாவது அவள்தான் என்று நம்பியிருந்தேன்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். ஜிப்ரி நானா கதிரையைத் துடைத்துப் போட்டார். “டீச்சர், எங்களுக்கு எங்கிருந்து இப்படி ஒரு சம்பந்தம்! நாள் குறிச்ச தாளைப் பாருங்க, அச்சு மாதிரி எழுத்து” என்று கொண்டுவந்து காட்டினார். 2025 செப்டெம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 10.20.

நிக்காஹ்வுக்கு முற்பகல் 10.20 என்று நேரம் குறிக்கிறவர் இந்த மாவட்டத்தில் வேறு யார் சேர்?

மாப்பிள்ளை இன்ஷாப். உங்கள் தங்கை ஹவ்வா மாமியின் மகன். வகுப்புத் தொடங்குவது செப்டெம்பர் முதலாம் திகதி. பதினான்காம் திகதி நிக்காஹ். நாளை நீங்கள்தான் குறித்திருக்கிறீர்கள்.

வெளியே வரும்போது றுக்ஸானா என்னோடு படிவரை வந்தாள். “உனக்கு இதுல விருப்பமா?” என்றேன். “தெரியல்ல டீச்சர். வேணும் எண்டு சொல்லவும் தெரியல்ல, வேணாம் எண்டு சொல்லவும் தெரியல்ல. கேட்டாத்தானே யோசிக்கிற. ஒருத்தரும் கேக்கல்லயே” என்றாள்.

பஹ்மிதா


இலக்கம் 3
2025 ஜூலை 7, திங்கட்கிழமை, முற்பகல் 6.20
மாத்தளை

ஆசிரியை பஹ்மிதா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் ஜூலை 4 ஆம் திகதி கிடைத்தது. அன்று மூன்று பட்டியல்களையும் கிழித்தெடுத்தேன். கூட்டுறவுக் கடை முகப்பில் இருந்தது பாதிதான் வந்தது.

அன்று மாலையே ஹவ்வாவிடம் போனேன். “என் மேசையிலிருந்து பிரதியை எடுத்தாயா?” என்று கேட்டேன்.

“எடுக்காம? பள்ளிவாசல் பலகையில போட்டது நீங்க. திறமைமிக்க எண்டு தலைப்புப் போட்டது நீங்க. ஊருக்கெல்லாம் காட்டின புள்ளைய எங்கட வீட்டுக்கு எடுத்தா மட்டும் குத்தமா நானா?”

“அது படிப்புக்குப் போட்டது.”

“படிச்ச புள்ளைய எண்டுதானே கேட்டம்! படிக்காத புள்ளையையா கேட்டம்?”

வாக்குவாதத்தில் வழுவைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன்; அவள் சொன்னதில் ஒவ்வொரு வரியும் சரியாகவே இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் மட்டும் பிழை வருகிறது.

ஏறக்குறைய முழு வாழ்நாளும் நான் எல்லைக் கல் நட்டவன். கல்லை ஓர் அடி தள்ளி நட்டால் இரண்டு குடும்பம் தலைமுறையாகச் சண்டை பிடிக்கும் என்று அறிந்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தேன். இந்தப் பட்டியலையும் மூன்று முறை சரிபார்த்தேன். எல்லாத் தகவலும் சரி. சரியான தகவல் எப்படிப் பிழையான காரியத்தைச் செய்தது?

ஒரு வழி தோன்றுகிறது. மாப்பிள்ளை வீட்டு மூத்தவன் என்ற முறையில், இந்தச் சம்பந்தத்திலிருந்து நாங்கள் விலகிக்கொள்கிறோம் என்று ஜிப்ரி அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியுள்ளேன். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. வியாழக்கிழமை வரை தங்கள் கருத்துக்குக் காத்திருப்பேன்.

ஏ.எல்.எம். ஜைனுதீன்


நாவுல
ஜூலை 8, பகல் இடைவேளை

சேர்,

அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம். தபால் பிந்தும் என்பதால் இதை என் தம்பியிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்புகிறேன்.

மாப்பிள்ளை பக்கம் விலகினால் அஸர் தொழுகைக்கு முதல் நாவுல முழுக்கக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “புள்ளைக்கு என்ன குறை?” நீங்கள் பலகையில் போட்ட பாராட்டை மூன்று மாவட்டம் பார்த்தது. அதே மூன்று மாவட்டமும் இதையும் பேசும். அதற்குப் பிறகு ஜிப்ரி நானா அவளைக் கடை வாசலுக்கும் விடமாட்டார், கல்லூரிக்கா விடப்போகிறார்? பெண் பக்கம் விலகினால் உங்கள் வீட்டுக்கு அவமானம். அதை அவர் செய்யவேமாட்டார். நான் கேட்டும் பார்த்தேன். “நாள் குறிச்சது அவங்கட மூத்தவர். தள்ளிப்போடுறதெண்டா அவர் வாயால வரட்டும் டீச்சர். நான் தொட மாட்டன்” என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் என் மேலும் இருக்கிறது. உயரத்தை அளந்து அனுப்பியது நான். பிள்ளைகளைச் சுவரோடு நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். அப்போது அவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி, “டீச்சர், மாப்பிள்ளை பாக்கவா அளக்கிறீங்க?” என்றுகூடக் கேட்டாள். நானும் சிரித்தேன்.

அவளிடம் போய்க் கேளுங்கள் சேர். வாப்பாவிடம் இல்லை. அவளிடம். நான் கேட்டால் டீச்சர் தூண்டிவிட்டா என்று ஆகும்.

பஹ்மிதா


இலக்கம் 4
2025 ஜூலை 29, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11.50
மாத்தளை

ஆசிரியை பஹ்மிதா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீண்ட மௌனத்துக்கு மன்னிக்கவும். இடையில் நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, துஷாந்தினியின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கும் நோக்கத்துடன்தான் போனேன். அவருடைய தாய் என்னைக் கண்டதும் கைகூப்பி, “ஐயா புண்ணியத்துல நல்ல எடம் அமைஞ்சிருச்சுங்க. எங்களுக்கெல்லாம் யாரு இப்படித் தேடிக் குடுப்பா?” என்று அழுதார். திருமணம் ஆகஸ்ட் 28. அந்தப் பிள்ளை தேநீர் கொண்டுவந்து வைத்தது. “உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டேன். தாயைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, “சீனி போதுமாங்க ஐயா?” என்றது. நான் போதும் என்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் நன்றியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதை எந்தக் கோப்பில் இடுவது என்று இன்னும் விளங்கவில்லை.

ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை, இன்ஷாப்புடன் தொலைபேசியில் பேசினேன். ஆம், தொலைபேசியில்தான். “மாமா, படிச்ச புள்ள எண்டு உம்மா சொன்னா, சரி எண்டன். படிப்பை நிப்பாட்டச் சொல்லி நான் சொன்னதா? அப்படி ஒரு படிப்பு இருக்கிறதே எனக்குத் தெரியாதே. என்கிட்டயும்தான் ஒருத்தரும் கேக்கல்ல” என்றான். இந்தச் சம்பந்தத்தில் கேட்கப்படாதவர்கள் இருவர். அவர்கள்தான் மாப்பிள்ளையும் பெண்ணும்.

ஜூலை 26, சனிக்கிழமை, முற்பகல் 10.00 மணிக்கு ஹவ்வாவையும் அழைத்துக்கொண்டு ஜிப்ரி அவர்களின் வீட்டுக்குச் சென்றேன். வழி நெடுக அவள் என்னோடு பேசவில்லை. நான் நடந்ததை முழுமையாகச் சொன்னேன். நாள் குறித்தது என் பிழை என்றும், அதைத் தள்ளிவைக்க எங்கள் பக்கத்திலிருந்தே கேட்கிறோம் என்றும், பிள்ளையில் ஒரு குறையும் இல்லை என்றும், அயலவர் இருவரும் பள்ளிவாசல் நிருவாகத்தைச் சேர்ந்த ஸக்கரியாவும் கேட்டிருக்க எடுத்துச் சொன்னேன். பிறகு பிள்ளையைப் பார்த்து, “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்றேன். ஜிப்ரி அவர்கள், “அவ என்ன சொல்லப்போறா சேர், நாங்க...” என்று தொடங்கினார். “மன்னிக்க வேண்டும், கேள்வி பிள்ளைக்கு” என்றேன்.

றுக்ஸானா தகப்பனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனவே எவ்வளவு நேரம் என்று எழுத இயலவில்லை.

“சேர், மோட்டருக்குக் கம்பி சுத்துற வேலைய வீட்டில இருந்து படிக்க ஏலாது. அதுக்கு வேர்க்ஷொப் வேணும். கலியாணத்துக்கு வேர்க்ஷொப் வேணாம்தானே, பொறகும் பேசலாம். நான் முதல்ல படிக்கிறன். மத்தத, அவரோட ஒருக்கா பேசிட்டு, படிச்சு முடிய நானே சொல்றன். ஆமாவோ இல்லையோ.”

“இல்லை எண்டும் சொல்வியா?” என்றாள் ஹவ்வா.

“சொல்லலாம்தானே மாமி.”

“பாத்தீங்களா நானா! வீட்டுக்கு வரமுன்னமே கணக்குப் போடுறா!”

ஜிப்ரி அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு, “பலகையில கணக்குக்கு A எண்டுதானே போட்டிருந்திச்சு ராத்தா” என்றார். முதலில் சிரித்தவர் ஸக்கரியா. ஹவ்வா சிரிக்கவில்லை, ஆனால் போகும்போது பிள்ளையின் கையைப் பிடித்து எதையோ சொன்னாள். என்னவென்று என்னிடம் இன்னமும் சொல்லவில்லை.

நாள் குறித்த பழைய தாளை வாங்கிக்கொண்டு அங்கேயே புதிய தாள் எழுதினேன். ஜிப்ரி அவர்கள் அதை வாசித்துவிட்டு, “சேர், திகதியை விட்டுட்டீங்க” என்று பேனையை நீட்டினார். அதை வாங்கி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இன்று முற்பகல் 10.35க்கு எட்டுப் படிவங்களையும் கல்லூரியில் ஒப்படைத்தேன். பணிப்பாளர் இரண்டு முறை எண்ணினார். விடுதிப் பூட்டின் திறப்பை எடுத்துத் தந்தார். பூட்டு துருப்பிடித்திருக்கிறது, எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறேன்.

நான் இன்னும் தெளிவடைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். பதினான்கு பேரில் எட்டுப் பேர் என்பது வெற்றியா, ஆறு பேர் என்பது என் குற்றமா, துஷாந்தினியின் தாயின் கண்ணீர் எந்தப் பக்கம் சேரும் என்று கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன். விடை ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது. கணிதம் தங்களுடைய துறை. தெரிந்தால் எழுதவும்.

ஏ.எல்.எம். ஜைனுதீன்

இத்துடன் இணைக்கப்பட்டவை:

1. எட்டுப் பதிவுகளுக்கான கல்லூரியின் பற்றுச்சீட்டு, 2025 ஜூலை 29, முற்பகல் 10.35.

2. பட்டியல்கள் மூன்று, அவற்றுள் ஒன்று பாதி.

3. துஷாந்தினியின் படிவம், அன்று நான் புறப்படும்போது அவரே தந்தது. அவருடைய கையெழுத்தில் முழுவதும் நிரப்பப்பட்டுள்ளது. தகப்பனின் கையொப்பம் இல்லை. கிழித்தெறிய மனம் வரவில்லை. தாங்கள் வைத்திருங்கள்.

4. ஜிப்ரி அவர்களின் வீட்டில் எழுதிய தாளின் பிரதி. நிக்காஹ் திகதிக்கு நேரே உள்ள இடம் வெறுமையாக இருக்கும். மறதியால் அல்ல. அதை நிரப்ப வேண்டியவர் றுக்ஸானா.